தலைக்கட்டில் இல்லாதவர்களுக்கு யார் சேதி சொல்வது?

பழவேற்காட்டுக்கு வரலாறு தேடி வருகிறவர்கள் முதலில் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போவார்கள். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே டச்சு மொழியில் எழுதிய பெரிய பெரிய கற்கள். நானும் என் மாணவிகளை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை எழும்பியது. டச்சுக் கம்பெனி இங்கிருந்து துணியை ஏற்றியது, மனிதர்களை அடிமைகளாகவும் ஏற்றியது. வணிகர்களின், அதிகாரிகளின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. கப்பலேறிப் போனவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

நான் எழுத வந்தது அந்த வரலாறு அல்ல. 2020 ஜனவரி 26 முதல் 2021 அக்டோபர் 2 வரை ஏறக்குறைய 20 மாத காலத்தைப் பற்றி. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யார் யாருக்குச் சேதி சொன்னார்கள், யார் யாரைக் கேள்வி கேட்க முடிந்தது என்பதைப் பற்றி. மிக அண்மையில் நடந்ததை வரலாறு என்று சொல்லலாமா என்று மாணவிகள் கேட்பார்கள். எழுதி வைக்காவிட்டால் இதற்கும் கல் இருக்காது என்பதுதான் என் பதில்.

1

நான் பிறந்தது ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒரு குப்பத்தில். அம்மா மீன்காரி. விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, கூடையில் ஐஸ் போட்டு, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொன்னேரிக்கு பஸ் ஏறுவாள். சில நாள் அங்கிருந்து ரயிலில் இன்னும் தெற்கே போவாள். அந்தக் கூடையின் வருமானத்தில்தான் நான் வரலாறு படித்தேன், கல்லூரியில் பாடம் சொல்லும் வேலைக்கு வந்தேன்.

நோய் எங்கள் ஊருக்கு முதலில் விலையாகத்தான் வந்தது. 2020 ஜனவரி கடைசியில் சீனாவுக்குப் போகிற உயிர் நண்டு வியாபாரம் படுத்துவிட்டது. பெரிய நண்டுக்கு நல்ல விலை கொடுத்தவர்கள் வாங்க வரவில்லை. 'அங்க ஏதோ காய்ச்சலாம்' என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 24 நள்ளிரவில், நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. கல்லூரியை மூடியதால் நான் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த சில வாரங்களில் எங்கள் ஊருக்கு வந்த சேதிகளுக்குக் கணக்கே இல்லை. சமூக இடைவெளி, முகக்கவசம், கபசுரக் குடிநீர், அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், ஏப்ரல் மாதத்துக்கு விலையில்லா அரிசி பருப்பு எண்ணெய் சர்க்கரை. கட்சிக்காரர்கள் அனுப்புவது, அதிகாரிகள் அனுப்புவது, தொகுதிப் பிரதிநிதிகள் பெயரில் வரும் படங்கள், காணொலிகள். எல்லாம் ஊர் ஆண்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தன. அதில் ஒரு பெண்கூட இல்லை. சேர்க்கக் கூடாது என்று யாரும் முடிவு செய்யவில்லை. சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தம்பி சாப்பிட உட்காரும்போது நினைவிருப்பதைச் சொல்வான். மறந்தது மறந்ததுதான்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியம்மா விதவை, தனியாக இருக்கிறாள். 1,000 ரூபாய் டோக்கன் ஊருக்கு வந்தபோது தலைக்கட்டு வரிசைப்படி பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பெரியம்மா பெயரை யாரும் கூப்பிடவில்லை. அவள் பெயரில் ரேஷன் அட்டை இருந்தது, உரிமையும் இருந்தது. ஒரு வாரம் கழித்து நான் போய்க் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பெரியம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எங்களாண்ட யாரு வந்து சொன்னா?"

அவள் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது.

2

தலைக்கட்டு என்றால் என்ன என்று வெளியூர் வாசகிகளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் ஊர் என்பது தலைக்கட்டுகளின் கூட்டம். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன்தான் ஊர் வரி கொடுப்பான், ஊர்க்கூட்டத்தில் உட்காருவான், கோயில் திருவிழாக் கணக்கில் இடம்பெறுவான். ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை வைப்பது என்பதை முறை போட்டுப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு. ஏரியை எல்லாரும் ஒரே நாளில் துடைத்துவிடாமல் காப்பாற்றிய நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாட்டு உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், மகளுக்கு வராது. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று தமிழகக் கரை முழுவதும் தெரிந்தது. நிவாரணம் பல இடங்களில் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் பிரிந்தது. விரைவாகப் பிரிந்தது என்பதும் உண்மை. தலைக்கட்டில் இல்லாத விதவைகளும், கணவன் விட்டுப்போன பெண்களும், தலித், பழங்குடிக் குடும்பங்களும் வரிசையின் கடைசியில் நின்றார்கள், அல்லது வரிசையிலேயே நிற்கவில்லை. நாகப்பட்டினம் கரையிலிருந்து வந்த பல ஆய்வுகள் இதைப் பதிவு செய்திருக்கின்றன.

அரசியல் சட்டத்தின்படி அம்மாவுக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. தேர்தல் அன்று அம்மா ஒரு தலை. மறுநாள் ஊரில் அவளுக்குத் தலை இல்லை. பொன்னேரி தனித்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் அவளுக்கு எண் உண்டு. ஆனால் தொகுதிக்குச் சேதி வரும் வழி வாக்காளர் பட்டியலைப் பின்பற்றி வருவதில்லை, தலைக்கட்டைப் பின்பற்றித்தான் வருகிறது. கட்சி எதுவானாலும் கிளைச் செயலாளர் ஆண். அவர் சொல்வது ஊர்த் தலைவரிடம். அவர் சொல்வது கூட்டத்தில். கூட்டத்தில் உட்காருவது தலைக்கட்டு. செல்போன் வந்தபோது இது மாறும் என்று நினைத்தோம். வாட்ஸ்அப் அந்தப் பழைய வழியிலேயே ஓடியது, வேகம் மட்டும் கூடியிருந்தது.

3

இதற்கு முந்தைய பெருந்தொற்றில் எப்படி இருந்தது? 1918-இல் விஷக் காய்ச்சல் பம்பாய் வழியாக நாட்டுக்குள் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள் என்கிறார்கள் மக்கள்தொகை வரலாற்றாசிரியர்கள். சிலர் அதைவிட மிக அதிகமாகக் கணக்கிடுகிறார்கள். 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்திய மக்கள்தொகை கூடாமல் குறைந்தது. கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படி நடந்த பத்தாண்டு அது ஒன்றுதான். இன்னொரு செய்தி பெண்களுக்கு முக்கியமானது. உலகின் பல நாடுகளில் அந்தக் காய்ச்சலில் ஆண்கள் அதிகம் செத்தார்கள். இந்தியாவில் பெண்கள் அதிகம் செத்தார்கள். கடைசியில் சாப்பிட்டு முதலில் எழுந்தவர்கள், நோயாளிக்குப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர்கள், தாங்களும் படுத்தால் பார்க்க ஆளில்லாதவர்கள். அன்றைய சுகாதார அதிகாரிகளும் இதைக் கவனித்தார்கள்.

அப்போது சென்னையில் ஒரு சட்டசபை இருந்தது. அதில் பெண் யாரும் இல்லை, அதற்கு ஓட்டுப்போடும் பெண்ணும் இல்லை. ஆகவே எந்த உறுப்பினரும் எந்தப் பெண்ணுக்கும் எதையும் சொல்ல வேண்டிய கடமை இருக்கவில்லை. 1921-இல்தான் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் முதலில் கொடுத்த மாகாணம் இதுவே. ஆனால் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் அந்த ஓட்டு. கூடை தூக்கியவளுக்கு இல்லை.

1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் வந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண். நியமன உறுப்பினர். அந்தச் சபையின் துணைத்தலைவராகவும் ஆனார். மருத்துவர் என்பதால் பள்ளிப் பிள்ளைகளின் உடல் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமனை என்று சபையில் தொடர்ந்து பேசினார். 1930-இல் காந்தி கைதானபோது பதவியை விட்டார். தன் அனுபவத்தை அதே ஆண்டில் புத்தகமாக எழுதியும் வைத்தார். ஓர் உறுப்பினர் தன் சபைக்காலத்துக்கு மக்களிடம் கணக்குக் கொடுப்பது என்றால் என்ன என்பதற்கு நம்மிடம் உள்ள முதல் சான்றுகளில் அதுவும் ஒன்று.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. தேவதாசி முறையை ஒழிக்க அவர் தீர்மானம் கொண்டுவந்தபோது தேவதாசிகளின் சங்கங்கள் எதிர்த்து மனுக் கொடுத்தன. எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி முடிவு செய்கிறீர்கள் என்பது அவர்கள் குறை. ஒழிப்பு சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. நல்ல எண்ணமுள்ள ஒரு பெண்ணே உறுப்பினராக இருந்தாலும், யாருக்காகப் பேசுகிறாரோ அவர்கள் அவரைத் திருப்பிக் கேட்க இடம் வேண்டும் என்பதைத்தான் குறித்துக்கொள்கிறேன். நியமன உறுப்பினருக்குத் தொகுதி இல்லை. திருப்பிக் கேட்க வாசலும் இல்லை.

அந்த வாசல் 1951-52 பொதுத்தேர்தலில் திறந்தது. வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு. அப்போதும் வட மாநிலங்களில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் பதிவு செய்திருந்தார்கள். பெயர் இல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்றார் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். கடுமையான முடிவு. ஆனால் அதற்குள் ஒரு நியாயமும் இருந்தது. அரசு ஒரு பெண்ணிடம் பேச வேண்டுமானால் அவளுடைய புருஷன் பெயரைக் கூப்பிட்டுப் பேசக் கூடாது.

பெரியம்மாவின் டோக்கன் நினைவுக்கு வருகிறதா?

4

2020-க்குத் திரும்பி வருகிறேன்.

தமிழ்நாடு சட்டமன்றம் மார்ச் 24-ஆம் தேதி கூட்டத்தொடரை முன்கூட்டியே முடித்துக்கொண்டது. மறுபடி கூடியது செப்டம்பர் 14-இல், கோட்டையில் இடைவெளி விட்டு உட்கார இடமில்லை என்று கலைவாணர் அரங்கில். மூன்று நாள். இரண்டு கூட்டத்துக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பது அரசியல் சட்ட விதி. கிட்டத்தட்ட அந்த எல்லையில்தான் கூடினார்கள்.

அந்த முதல் மாதங்களில் நோயைப் பற்றி அன்றாடம் மக்களுக்குச் சொன்னவர் சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ். மாலையில் எங்கள் வீட்டில் டிவிக்கு முன்னால் நாலைந்து பெண்கள் கூடுவார்கள். இன்று எத்தனை பேர், எந்த மாவட்டம், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள். ஒரு பெண் நிதானமாக எண்களைச் சொல்வதைப் பார்ப்பதில் அம்மாவுக்குப் பெருமை. சமூக ஊடகத்திலோ அவர் கட்டிய புடவைகளைப் பற்றிய பேச்சு ஒரு பக்கம் ஓடியது. ஜூன் மாதம் அவரை வேறு துறைக்கு மாற்றினார்கள். அவர் அதிகாரி. அவரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அவரிடம் பொன்னேரி பஸ்ஸைப் பற்றிக் கேட்கவும் முடியாது. கேட்கக்கூடிய இடத்தில் இருந்தவர்களின் சபையோ கூடவில்லை.

சபை கூடாவிட்டாலும் உறுப்பினர்கள் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதுவது அநியாயம். சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி உறுப்பினர் ஜெ. அன்பழகன் நிவாரண வேலையில் அலைந்தவர். தொற்று வந்து 2020 ஜூன் 10-ஆம் தேதி, தன் பிறந்தநாளிலேயே இறந்தார். கோவிட்டுக்கு உயிரிழந்த இந்தியாவின் முதல் சட்டமன்ற உறுப்பினர் அவர். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஊரில் அவர் கட்சி எது என்று யாரும் கேட்கவில்லை.

தெலங்கானாவில் முலுகு தொகுதியின் சீதக்கா இன்னொரு விதம். ஆதிவாசிக் குடும்பத்தில் பிறந்தவர், இளமையில் நக்சல் இயக்கத்தில் இருந்தவர், பிறகு வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர். ஊரடங்கில் சாலையே இல்லாத காட்டு ஊர்களுக்கு நடந்தும், டிராக்டரிலும், மாட்டுவண்டியிலும் அரிசி, காய்கறி கொண்டுபோனார். தலையில் மூட்டையோடு ஓடை கடக்கும் அவர் காணொலி எங்கள் ஏரியின் ஆந்திரக் கரையிலிருந்து தெலுங்குப் பேச்சோடு எங்கள் ஊருக்கும் வந்தது. அம்மா அதை மூன்று தடவை போடச் சொன்னாள். "கூடை தூக்கின கழுத்து அது" என்றாள். சீதக்கா கொண்டுபோனது அரிசி மட்டுமல்ல. ஒவ்வொரு குடிசை வாசலிலும் நின்றதால் அந்தப் பெண்கள் சொன்னதைக் காதில் வாங்க வேண்டி வந்தது. தலைக்கட்டைத் தாண்டிப் போக ஒரு வழி அது.

ஆனால் நல்ல கால்கள் உள்ள ஒருவர் கிடைத்தால்தான் சேதி கிடைக்கும் என்றால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம். உரிமை என்பது, யார் உறுப்பினராக இருந்தாலும் கேட்கக்கூடிய ஓர் இடம் இருப்பது.

எங்களுக்கு அந்த இடம் இல்லாததால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஏப்ரல் 10-ஆம் தேதி மத்திய உள்துறை மீன்பிடித் தொழிலுக்கு ஊரடங்கிலிருந்து விலக்குக் கொடுத்தது. பிடிக்கலாம், கொண்டுபோகலாம், விற்கலாம். ஆண்கள் குழுவில் சேதி வந்தது, சந்தோஷப்பட்டார்கள், படகை எடுத்தார்கள். பஸ் ஓடவில்லை. ரயில் ஓடவில்லை. ஜூன் 1-இல் பல மாவட்டங்களில் பஸ் ஓட ஆரம்பித்தபோதும் சென்னையிலும் எங்கள் திருவள்ளூர் உள்ளிட்ட பக்கத்து மாவட்டங்களிலும் ஓடவில்லை. செப்டம்பர் 1-இல்தான் மாவட்டத்துக்குள் பஸ் வந்தது. புறநகர் ரயிலில் பொதுப் பெண்கள் ஏற, அதுவும் நெரிசல் இல்லாத நேரத்தில், நவம்பர் 23 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஐந்து மாதம் மீன் கரைக்கு வந்துகொண்டிருந்தது, மீன்காரியால் சந்தைக்குப் போக முடியவில்லை. இடைவெளியை நிரப்ப ஆட்கள் வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிய இளைஞர்கள், மினி வேன் வைத்திருந்த வியாபாரிகள். கரையிலேயே மொத்தமாக எடுத்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். முப்பது ஆண்டு அம்மாவிடம் மீன் வாங்கிய பொன்னேரி வீடுகள் செப்டம்பரில் அவளை மறந்திருந்தன. ஆணை பெண்களுக்கு எதிராக எழுதப்படவில்லை. விற்கலாம் என்று எழுதியவர்களிடம், எதில் ஏறிப் போய் விற்பது என்று கேட்க ஒரு வாய் இருக்கவில்லை, கேட்கிற காதும் இருக்கவில்லை.

5

அப்படிக் கேட்கும் இடம் ஒன்று சட்டப்படி உண்டு. கிராமசபை. வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லாருக்கும் அதில் உட்கார உரிமை. அங்கே தலைக்கட்டு செல்லாது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து 2020 ஜனவரி 6-இல் பதவியேற்ற ஆயிரக்கணக்கான பெண் தலைவர்களுக்கு, பெருந்தொற்று வந்தபோது இன்னும் மூன்று மாத அனுபவம்கூட ஆகவில்லை. 2020 ஜனவரி 26 கிராமசபைதான் அவர்களின் முதல் கிராமசபை. அதற்குப் பிறகு மே 1 இல்லை, ஆகஸ்ட் 15 இல்லை. அக்டோபர் 2 என்று அறிவித்துக் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். காரணம் கோவிட்.

தொற்றுக் காலத்தில் கூட்டம் கூடுவது ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் தெருவிலும் சாவு விழுந்தது. ஆனால் அதே மாதங்களில் இன்னொரு கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம், 2021 ஜனவரி 22. சுமார் 330 ஏக்கரில் இருக்கும் அதானி குழுமத்தின் துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம். அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. எங்களுக்கு ஏக்கர் கணக்கு தேவையில்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல்திட்டு கரைந்தால் முகத்துவாரமும் ஏரியும் என்ன ஆகும் என்பது பாடு வைக்கும் ஆணுக்கும் இறால் தடவும் பெண்ணுக்கும் தெரியும்.

ஊர்க் கஷ்டத்தைப் பேச கிராமசபை கூடினால் தொற்று பரவும், துறைமுகத்தைப் பேச கூட்டம் கூடினால் பரவாதா என்று பெண்கள் கேட்டார்கள். கேள்வி குழாயடியில் தொடங்கி ஊர் ஊராகப் போனது. கருப்புக் கொடி கட்டினார்கள், கூடி நின்றார்கள், எங்கள் அம்மாவும் நின்றாள். ஊர்ப் பஞ்சாயத்து ஆண்களும் அந்த முறை பெண்களை முன்னால் நிற்கச் சொன்னார்கள். போராட்டம் என்றால் பெண்கள் முன்வரிசை, முடிவு என்றால் பின்வரிசை என்ற பழைய கதைதான். ஆனாலும் நின்றவர்கள் கேட்கப் பழகினார்கள். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டதாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. சொன்ன காரணம் கோவிட்.

அந்தத் துறைமுகத்தின் கதை இன்னும் முடியவில்லை. எனக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான். பெருந்தொற்று எங்களுக்குச் சேதி சொல்வதைக் கூட்டியது, கேள்வி கேட்கும் இடங்களைக் குறைத்தது. இரண்டும் ஒன்று என்று நம்மை நம்ப வைத்தது. செல்போனில் தினமும் ஓர் உறுப்பினரின் முகம் தெரிந்தால் அவர் நமக்கு அருகில் இருப்பதாகத் தோன்றும். சேதி சொல்வது வேறு, பதில் சொல்வது வேறு. சேதியை ஓர் ஆளிடம் கொடுத்தால் போதும், அவன் ஊருக்குச் சொல்லிவிடுவான். பதில் சொல்ல வேண்டுமானால் கேட்டவள் எதிரில் இருக்க வேண்டும்.

6

2021 ஏப்ரலில் தேர்தல் வந்தது. ஓர் ஆண்டு முழுக்க வீட்டு நோயாளியையும் ஆன்லைன் வகுப்புப் பிள்ளையையும் வேலையிழந்த ஆணையும் பார்த்துக்கொண்ட பெண்கள் வரிசையில் நின்று ஓட்டுப்போட்டார்கள். 234 பேர் சபையில் பெண்கள் 12 பேர். 2016-இல் 21 பேர் இருந்தார்கள். இடஒதுக்கீட்டுச் சட்டம் 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2021 சபையில் இந்த எண்தான் நம் கணக்கு.

புதிய அரசு வந்த முதல் நாள் ஆணைகளில் ஒன்று, சாதாரணக் கட்டண அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். இரண்டு தவணையாக 4,000 ரூபாய் நிவாரணமும் வந்தது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. இந்த முறை டோக்கன் வந்த அன்றே நான் பெரியம்மா வீட்டு வாசலில் நின்றேன். எங்கள் தெருப் பெண்கள் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக நான் சேதியைக் குரலில் பேசி அனுப்புவேன். அது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. ஆனால் பெரியம்மாவின் கேள்விக்கு அது ஒரு பாதி பதில்.

பஸ் ஆணை எங்கள் மீன்காரிகளுக்குக் கிடைத்த உண்மையான உதவி. அம்மாவின் ஒரு நாள் லாபத்தில் பஸ் காசு சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்த ஆணைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு முதிய பெண்ணை, நாற்றம் அடிக்கிறது என்று அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று உரக்கக் கேட்ட கேள்வி காணொலியாகப் பரவியது. முதல்வர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள். அன்று அவர் கேள்வியை யாரோ படம் எடுத்ததால் பதில் வந்தது. படம் எடுக்க ஆளில்லாத இடத்தில்?

2021 அக்டோபர் 2-ஆம் தேதி கிராமசபை மறுபடி கூடியது. மதுரை மாவட்டம் பாப்பாபட்டியில் முதல்வரே போய் உட்கார்ந்தார். தலித் ஒருவர் தலைவராகக் கூடாது என்று பத்தாண்டு உள்ளாட்சித் தேர்தலையே நடத்தவிடாமல் வைத்திருந்த ஊர் அது. செய்திகளில் அந்தப் படம்தான் இருந்தது. எங்கள் ஊராட்சியிலும் ஷாமியானா போட்டிருந்தார்கள். நாற்காலிகளில் ஆண்கள், தார்ப்பாயில் பெண்கள். வரவுசெலவுக் கணக்கு, டெங்குக் கொசு, குடிநீர் என்று வரிசையாகப் படித்துக்கொண்டு போனார்கள்.

அம்மா எழுந்தாள். கை தூக்கவில்லை, அனுமதி கேட்கவில்லை. மீனுக்கு ஏலம் கேட்கும் குரலில் கேட்டாள். காலையில் நாலரைக்கு ஒரு பஸ் இருந்தது, கொரோனாவில் நின்றது, எல்லா பஸ்ஸும் வந்துவிட்டது, அது மட்டும் ஏன் வரவில்லை? மீன் கூடையை ஏற்றிக்கொள்வார்களா மாட்டார்களா? இதை யார் யாரிடம் கேட்க வேண்டும்? எம்.எல்.ஏ.விடமா, டிப்போவிலா, இங்கேயா?

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தார்ப்பாயிலிருந்து இன்னொரு பெண், அவளுக்குப் பின்னால் பெரியம்மா. தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னார்கள். யார் பெயரில் எழுதுவது என்று செயலர் கேட்டார். அம்மா தன் பெயரைச் சொன்னாள். புருஷன் பெயர் என்று அவர் அடுத்துக் கேட்டார். "பஸ்ஸுல ஏறப்போறது நானு. அவரு எதுக்கு?" என்றாள்.

அந்தத் தீர்மானத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. பஸ் இன்னும் வரவில்லை. அம்மா ஒவ்வொரு கிராமசபையிலும் அதே கேள்வியைக் கேட்கிறாள், ஒவ்வொரு முறையும் அவள் பெயர் புத்தகத்தில் ஏறுகிறது. டச்சுக் கல்லறைக்கு மாணவிகளை அழைத்துப் போகும் நாளில் இப்போதெல்லாம் அந்த நகலையும் எடுத்துப் போகிறேன்.